மீட்டருக்கு மாறுவதற்கு முன்

பிப்ரவரி 2. நகராட்சியின் அறிவிப்பு வந்தது. எங்கள் வார்டில் வீட்டுக் குடிநீர் இணைப்பு உள்ளவர்கள் இப்போதுள்ள நிலையான கட்டணத்திலேயே தொடரலாம்; அல்லது மீட்டருக்கு மாறலாம். விருப்பத்தை மார்ச் இறுதிக்குள் எழுதித் தர வேண்டும். மாறுவோர் வீட்டில் குழாய்ப் பாதை முழுவதும் ஆய்வு செய்யப்படும்.

பிப்ரவரி 5. என்னிடமிருந்த பழைய மீட்டர் ஒன்றைச் சுத்தம் செய்து, வாசற்கதவருகே என் குழாயில் பொருத்தினேன். நோக்கம்: ஒருவர் மட்டும் வசிக்கும் வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று அறிவது.

பிப்ரவரி 8. தண்ணீர் விடும் நாள். காலை 6.05 முதல் 7.10 வரை வந்தது. மீட்டர் காட்டியது 1,340 லிட்டர். தொட்டியில் ஏறியிருந்தது 610 லிட்டர்.

பிப்ரவரி 11. தண்ணீர் வருமுன் தொட்டியின் வால்வையும் வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் மூடினேன். இருந்தும் மீட்டர் ஓடியது. 690 லிட்டர்.

பிப்ரவரி 14. மீண்டும் அதே சோதனை. மீட்டர் 6.30 வரை அசையவில்லை. 6.30க்கு ஓடத் தொடங்கி 7.05க்கு நின்றது.

பிப்ரவரி 17. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து ஐந்து இடங்களில் கேட்டேன். ஹைட்ரேஞ்சியாப் பாத்தியின் கீழே ஓட்டம் கேட்டது.

பிப்ரவரி 18. தோண்டினேன். ஒன்றரை அடி ஆழத்தில் என் குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாய் பிரிகிறது. அரை அங்குலம், கருப்பு. தடுப்புச் சுவரின் அடியில் புகுந்து, சரிவில் கீழே இருக்கும் தங்கம்மாவின் வீட்டுக்குப் போகிறது.

மேலே உள்ளவை நடந்தவை. அவற்றை வைத்து என்ன முடிவெடுப்பது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

நீலகிரியில் ஒரு நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணிபுரிந்து, ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. கோத்தகிரி பஸ் அந்த வழியாகப் போகும் என்பது போதும். இப்போது அங்கே உதவிப் பொறியாளராக இருக்கும் நிர்மலா, என் கடைசி ஆண்டில் பணியில் சேர்ந்தவர். வீடுகளுக்கு மீட்டர் வைக்கப்போகும் பணியாளர்கள் படிப்பதற்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி அவர்தான் கேட்டார். அவர் கேட்டபோது பாத்தி தோண்டப்படவில்லை. நான் எழுத உட்கார்ந்தபோது தோண்டப்பட்டுவிட்டது.

என் மனைவி லோகநாயகி சென்ற ஐப்பசியில் காலமானார். இக்கட்டுரைக்குத் தேவைப்படும் அளவுக்கு மேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

நான் எதிரில் கண்ட சிக்கலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கம்மாவின் வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் தங்கம்மா; சிறுமியாக இருந்தபோது இலங்கையிலிருந்து வந்தவர். மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேத்தி ஆகியோர் உடனிருக்கிறார்கள். அவர்கள் வீடு நிற்கும் நிலத்துக்குப் பட்டா இல்லை; கேட்டுக் கொடுத்த மனு பல ஆண்டுகளாக நிலுவையில் இருக்கிறது. பட்டா இல்லாததால் வீட்டுக்கு வரி விதிக்கப்படவில்லை. வரி ரசீது இல்லாமல் குடிநீர் இணைப்பு தரப்படாது. நான் மீட்டருக்கு மாறினால் ஆய்வு நடக்கும், கிளைக் குழாய் கண்ணில் படும், வெட்டப்படும். மாறாமலிருந்தால் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. எளிதான முடிவு எது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை உடனே எடுக்க என்னால் ஏன் இயலவில்லை என்பதைச் சொல்ல, என் பணியிலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

கோவையில் பொறியியலும் சென்னையில் நீரியல் மேற்படிப்பும் முடித்து மலையேறியபோது எனக்கு இருபத்துநான்கு வயது. படித்த காலத்தைப் பற்றிக் கூற ஒன்றே ஒன்றுதான் உண்டு. குழாயில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும் என்ற அனுமானத்தின்மேல்தான் எல்லாச் சமன்பாடுகளும் எனக்குக் கற்பிக்கப்பட்டன.

என் முதல் பணியிடம், வடிகட்டு நிலையத்தின் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. மீட்டர் பரிசோதனைக் கூடம் என்று பெயர். நீண்ட மேடையொன்றில் ஐந்து மீட்டர்களை வரிசையாகப் பூட்டி, ஒரே தண்ணீரை ஐந்தின் வழியாகவும் ஓடவிட்டு, கடைசியில் அளவு குறித்த தொட்டியில் பிடிப்போம். தொட்டியின் பக்கத்திலிருந்த கண்ணாடிக் குழலில் நீர்மட்டம் தெரியும். மெதுவாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, முழுத் திறப்பில் ஒருமுறை. தொட்டி சொல்லும் அளவையும் ஒவ்வொரு மீட்டரும் சொல்லும் அளவையும் எதிரெதிரே எழுதிப் பார்ப்போம். முழுத் திறப்பில் ஐந்தும் ஒரே குரலில் பேசும். மெதுவான ஓட்டத்தில்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளிப்படும். தேய்ந்த மீட்டர் சிறு ஓட்டத்தைக் கண்டுகொள்ளாமல் நின்றுவிடும். தண்ணீர் போய்க்கொண்டேயிருக்கும், முள் அசையாது.

கொட்டகையில் நாங்கள் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்த இந்த உண்மை, கடைவீதியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு வீட்டில் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவைத்து நாள் முழுக்கக் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்த அம்மாள், நான் பார்ப்பதைப் பார்த்து வெட்கப்படாமல் சொன்னார்: "தண்ணி தூங்கிக்கிட்டே வந்தா உங்க மீட்டரும் தூங்கிருதுங்க சார். நான் என்ன பண்ண?"

அப்போது நகராட்சிப் பொறியாளர் சபாபதி. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். மலைக்கு வந்து பதினைந்து ஆண்டுகளாகியும் மப்ளரைக் கழற்றாதவர். கடைநிலை ஊழியர் வரை எவரையும் மரியாதை குறையாமல் அழைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்த எண்ணை அவர்முன் வைத்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "நின்னு பாத்ததுங்களா, குனிஞ்சு பாத்ததுங்களா?"

காரணம் உண்டு. நிலையான கட்டணம் வருவதற்கு முன்னிருந்த எங்கள் மீட்டர்கள் தரைக்கு அடியில், இரும்பு மூடியிட்ட சிறு குழிகளில் இருந்தன. முள்ளைச் சரியாகப் பார்க்க ஒரு முழங்காலையாவது மண்ணில் ஊன்ற வேண்டும். மழைக்காலத்தில் மீட்டர் ரீடர்கள் அலுவலகம் திரும்பும்போது சபாபதி நோட்டைப் பார்க்குமுன் அவர்களுடைய முழங்கால்களைப் பார்ப்பார். ஒரு நாள் ஒருவர் மடிப்புக் கலையாத கால்சட்டையோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, நேத்துப் பூரா மழை. நாப்பது மீட்டர் பாத்திருக்கீங்க. முட்டி மட்டும் இஸ்திரி போட்டாப்ல இருக்குதுங்களே?"

"குடையோட போனேனுங்க சார்."

"முட்டிக்குமா குடை புடிச்சீங்க?"

அவர் அந்த நாற்பது மீட்டர்களையும் மறுநாள் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். தண்டனை எதுவும் இல்லை. சேறு படிந்த கால்சட்டையைப் பார்த்து சபாபதி, "இப்ப இது நோட்டு" என்றார்.

நான் எப்போதும் குனிந்தே பார்த்தேன். என் வேலையில் எனக்கிருந்த பெருமை அதுதான். ரஹ்மத் பீவியின் வீட்டில் நான் செய்த பிழைக்கும் அந்தப் பெருமையே காரணம்.

ஊரிலேயே உயரமான ஒரு முகட்டில் இருந்தது அந்த வீடு. அவருடைய கணவர் கடைவீதியில் வர்க்கி போடும் பேக்கரி வைத்திருந்தார். வீட்டு இணைப்பின் மீட்டர் இரண்டு மாதங்களாக மற்ற வீடுகளைப்போல இருமடங்கு காட்டியது. பேக்கரிக்கு வீட்டில் மாவு பிசைகிறார்கள் என்று ஒரு புகாரும் வந்தது. வீட்டுத் தண்ணீரைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் இணைப்பைத் துண்டிக்க விதி உண்டு. சபாபதி என்னை விசாரிக்க அனுப்பினார்.

நான் விதிப்படியே செய்தேன். முழங்காலை ஊன்றிக் குனிந்து அளவெடுத்தேன். மீட்டரைக் கழற்றி மேடைக்குக் கொண்டுவந்து மூன்று ஓட்டங்களிலும் சோதித்தேன். குறையேதும் இல்லை. வீட்டுக்குள் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மாவு பிசையும் தொட்டியையும் தேடினேன், அதுவும் இல்லை. ஆனால் அது இல்லாததையே, அவர்கள் மறைத்துவைத்ததற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

"ஊட்ல நாலு உசுரு. குளிக்கிறோம், ஆக்குறோம். இத்தனை தண்ணிய எங்கங்க ஊத்துவோம்?" என்றார் ரஹ்மத் பீவி.

"மீட்டர் பொய் சொல்லாதும்மா" என்றேன். அந்தச் சொற்கள் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கின்றன.

என் அறிக்கையின்பேரில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவர்கள் கீழே இருந்த பொதுக்குழாயிலிருந்து தொண்ணூற்றாறு படிகள் ஏறித் தண்ணீர் சுமந்தார்கள். நாற்பத்தோரு நாட்கள். முப்பத்தைந்தாவது நாளை ஒட்டி, ரஹ்மத் பீவி குடத்தோடு வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு கூடியது, கை பழைய நேருக்கு வரவில்லை.

செய்தி அலுவலகத்துக்கு வந்த அன்று சபாபதி என் அறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டார்: "தண்ணி வர்ற நேரத்துல அங்க நின்னீங்களா?"

நிற்கவில்லை. மீட்டரைப் பார்த்தேன், சோதித்தேன், அறிக்கை எழுதினேன். தண்ணீர் வரும்போது அதன் அருகில் இருந்ததில்லை. அது விதியில் எழுதப்பட்டிருக்கவுமில்லை.

மறுநாள் விடியலில் இருவரும் ஏறினோம். துண்டித்த இடத்தைத் தற்காலிகமாக இணைத்து, அதே மீட்டரை வைத்து, அடியில் வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். கீழே வால்வு திறக்கப்பட்ட சிறிது நேரத்தில் குழாய் சீறியது. மீட்டரின் முள் நான் அதுவரை கண்டிராத வேகத்தில் சுழன்றது. வாளி காய்ந்து கிடந்தது. சபாபதி ரஹ்மத் பீவியிடம் ஒரு பிளாஸ்டிக் பை கேட்டார். வர்க்கி போடும் பெரிய பை. அதைக் குழாயின் வாயில் வைத்து நூலால் கட்டினார். பை உப்பியது. மப்ளர் கட்டிய ஒரு நகராட்சிப் பொறியாளர், குழாயடியில் குந்தி, உப்பிய பையைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். சில நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில், இடைப்பட்ட நேரத்தில் குழாய் காலியாகிக் காற்று புகுந்துவிடுகிறது. தண்ணீர் மீண்டும் ஏறும்போது அந்தக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. அது வெளியேற வழி தேடி மிக உயரமான வீட்டின் குழாய் வழியாகப் போகிறது. எங்கள் மீட்டருக்குள் இருப்பது ஒரு சிறு சக்கரம். அதைத் தள்ளுவது தண்ணீரா காற்றா என்று அதற்குத் தெரியாது. பரிசோதனை மேடையில் காற்று கிடையாது. ஆகவே அங்கே மீட்டர் தேறியது. எண் சரி. அதற்கு நான் கற்பித்த காரணம் தவறு. எண்ணைக் கண்டவுடன் அதற்குப் பின்னால் ஒரு குற்றவாளி இருக்க வேண்டும் என்று தேடினேன். வசதியாக ஒருவர் அங்கே இருந்தார்.

சபாபதி எழுந்து, பையின் கட்டை அவிழ்த்துவிட்டு, "தப்பு எங்களுதுங்கம்மா" என்றார்.

கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி நின்ற ரஹ்மத் பீவி என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்: "காத்துக்கு மீட்டர் வெச்சிட்டீங்க. அப்படியே எங்க மூக்குக்கும் ஒண்ணு வெச்சிட்டுப் போங்க சார்."

அந்த வாரமே முகட்டின் உச்சியில் காற்றை வெளியேற்றும் வால்வு பொருத்தப்பட்டு, இணைப்பும் திரும்பத் தரப்பட்டது. அதன்பின் எங்கள் நடைமுறையில் ஒரு வரி சேர்ந்தது: மீட்டர் மீதான புகாரை, தண்ணீர் வரும் நேரத்தில் அங்கிருந்து பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

இந்த நிகழ்ச்சியை நான் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை லோகநாயகி, "அந்தக் காத்து எவ்வளவு நேரம் வரும்?" என்று கேட்டார். இடத்தைப் பொறுத்தது, நம் தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் என்றேன். அவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் துறையில் ஆர்வம் காட்டுகிறார் என்று மகிழ்ந்தேன்.

இனி என் வீட்டு மீட்டருக்கு வருகிறேன். எண்கள் ஒத்துப்போகாதபோது முதலில் காற்றையே சந்தேகித்தேன். அதுவாகவே இருக்கட்டும் என்று விரும்பினேன் என்றும் சொல்ல வேண்டும். ஆனால் காற்று தண்ணீருக்கு முன்னால் வருவது, 6.30க்குப் புறப்படுவதில்லை. 6.30க்குப் புறப்படுவது மனிதக் கை திறக்கும் தண்ணீர். தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு ஊதும் நேரமும் அதுவே.

தோண்டியபோது முதலில் என் கண்ணில் பட்டது இணைப்பின் வேலைப்பாடு. திருகு மரைமேல் சணல் சுற்றி, செங்காவி பூசி, எஞ்சிய சணலை மயிரிழைபோலச் சுத்தமாக வெட்டியிருந்தார்கள். அப்படிச் சுற்றுகிறவர் எங்கள் பிரிவில் ஒருவர்தான் இருந்தார். ஃபிட்டர் போஜன். இப்போது தன் ஊரான படுகர் ஹட்டியில் பூண்டு பயிரிடுகிறார். தொலைபேசியில் அழைத்தேன்.

"போஜன், என் வீட்டுப் பாத்திக்கு அடியில் ஒரு குழாய் இருக்கிறது."

"கசியுதுங்களா ஐயா?" என்றார்.

"இல்லை."

"கசியாதுங்க. பத்தொம்பது வருசமாச்சு, கசியாது." அதில் பெருமை தெரிந்தது. "அம்மா போடச் சொன்னாங்க, போட்டேன். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க, சொல்லல. ரெண்டு வேலையும் சுத்தமாச் செஞ்சேனுங்க."

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்துகொண்டிருந்த பணி, முறையற்ற கிளைக் குழாய்களைக் கண்டுபிடித்து அகற்றுவது. போஜன் என் குழுவில் இருந்தார். அதை நினைவூட்டினேன்.

"ஆமாங்க. வாரம் பூரா உங்ககூட வெட்டுனேன். ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு ஒட்டுனேன்."

நான் அந்த ஆண்டில் காலை ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஓய்வுபெற்ற பின்னரும் தண்ணீர் பிடிப்பது லோகநாயகியின் பொறுப்பாகவே இருந்தது. ஒருமுறை அந்தப் பாத்தியைக் கொத்தப் போனேன். வேர் மேலாக ஓடுகிறது, மண்வெட்டி படக் கூடாது என்று தடுத்தார். தாவரங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நம்பினேன்.

மறுநாள் தங்கம்மாவின் வீட்டுக்குப் போனேன். பக்கவாட்டுப் படிகள் வழியாக இறங்கினால் இரண்டு நிமிட நடை. என் வீட்டு ஜன்னலிலிருந்து அந்தக் கூரையை முப்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். அந்த வாசலில் நான் நின்றது அதுவே முதல்முறை. தங்கம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து, சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"மண்ணு வெட்டுற சத்தம் கேட்டுச்சுங்க ஐயா. நேத்தே வருவீங்கன்னு இருந்தேன்" என்றார். "பீலிய அறுக்கப் போறீங்களா?"

இலங்கைத் தோட்டங்களில் தண்ணீர் பிடிக்கும் குழாயைப் பீலி என்பார்கள். அவர் வீட்டுப் பீலி சமையலறையின் வெளிச்சுவரில் இருந்தது. பித்தளைத் திருகு தேய்த்துத் தேய்த்துப் பளபளத்தது.

"கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். ஆறரைக்கு ஏன் திறக்கிறீர்கள்?"

அவர் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. சற்றே தைரியம் வந்தது. "மொதல்ல வர்றது காத்துன்னு அம்மா சொன்னாங்க. அது போவட்டும், அப்பறம் எங்க தொட்டியும் கொஞ்சம் ஏறட்டும், சங்கு ஊதுனதும் நீ தொறன்னாங்க. ஒரு நாளும் முந்தித் தொறந்ததில்லீங்க. அம்மா போனப்ப கருமாதி முடியிற வரைக்கும் தொறக்கவே இல்ல. கீழ ஓடையில இருந்து எடுத்தோம்."

நான் அன்று அவரை அஞ்சலி செலுத்த வந்தவர்களில் ஒருவராகவே கண்டிருந்தேன். வாசலின் ஓரத்தில் நின்றிருந்தார் என்று நினைவு.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நானும் கேட்டேங்க. ஐயாவுக்குத் தெரிஞ்சா என்னாகும்மான்னு. அறுத்துருவாரு தங்கம்மா, அப்பறம் ஒரு மாசம் சோறு எறங்காம உக்காந்திருப்பாரு, ரெண்டும் நமக்கு வேணாம்னாங்க."

லோகநாயகி சொன்னதில் திருத்தம் செய்ய எதுவும் இல்லை.

ஆக, எளிதான முடிவு கையெட்டும் தூரத்தில் இருந்தது. பழைய கட்டணத்திலேயே தொடர்வதாக ஒரு வரி எழுதித் தந்துவிட்டு, பாத்தியை மூடிவிடலாம். ஆனால் மறைவில் இருக்கும் குழாய்க்கு, அதை மறைத்துவைப்பவரின் ஆயுள்தான் ஆயுள். ஐப்பசி வரை அது லோகநாயகியின் பொறுப்பில் இருந்தது. இனி என் பொறுப்பில். எனக்கு வயது எழுபது. எனக்குப்பின் வீடு பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போகும், அவன் விற்பான், வாங்குபவர் தரையைத் தோண்டுவார். அந்த நாளில் இந்த நான்கு பேருக்குக் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இருக்காது. குழாயைத் தாளில் ஏற்றினால் இப்போதே வெட்டப்படலாம். ஏற்றாவிட்டால் என்றாவது கட்டாயம் வெட்டப்படும்.

இதைத் தங்கம்மாவிடம் சொன்னேன். தண்ணீர் அவருடையது, துணிவதா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் உடனே மறுத்தார்.

"காயிதத்துல ஏத்துனா புடிச்சிருவாங்க ஐயா. எங்களுக்குத் தெரியாத காயிதமா? சிலோன்ல பிரஜாவுரிமைக் காயிதம், கப்பல் காயிதம், மண்டபம் கேம்புக் காயிதம், இங்க வந்து தோட்டத்துக் காயிதம். ஒரு பொட்டி இருக்கு. காயிதம் இல்லாம வந்த இந்தத் தண்ணி ஒரு நாளும் நிக்கல. காயிதம் வெச்சிருந்த நாங்கதான் அலைஞ்சோம்."

என் வயதைச் சொன்னேன். அவர் தன் வயதைச் சொன்னார். என்னைவிட இரண்டு குறைவு. மருமகள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "அத்தை, ரெண்டு பேரும் போனப்பறம் குடத்தைத் தூக்கப் போறது நான்தான். ஐயா சொல்றத எழுதச் சொல்லுங்க."

"உன்னையக் கேட்டாங்களாடி?"

"தண்ணி புடிக்கிறது நான்தான?"

தங்கம்மா சிரித்துவிட்டார். பிறகு வெகுநேரம் யோசித்து ஒரு நிபந்தனை வைத்தார். "எழுதுங்க. ஆனா கீழ் வீட்டு ஆளுகன்னு எழுதாதீங்க. எங்க நாலு பேரு பேரையும் எழுதுங்க. வெட்டுனா பேரோட வெட்டட்டும்."

விண்ணப்பத்தை எழுத எனக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன. படிவத்தில், இணைப்பைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஐந்து என்று எழுதி, ஐந்து பெயர்களையும் தனித்தாளில் இணைத்தேன். குழாய்ப் பாதையின் வரைபடத்தில் கிளைக் குழாயை அளவு பிசகாமல் வரைந்தேன். அது இணைப்புதாரரின் குடும்பத்தாரால், விதிக்கு மாறாக, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் போடப்பட்டது என்று எழுதினேன். மீட்டருக்கு மாறச் சம்மதம் தெரிவித்து, முழு நீருக்கும் நானே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு, இறுதியில் ஒரு கேள்வியை வைத்தேன்: பட்டா நிலுவையிலுள்ள குடியிருப்புக்கு, மீட்டருக்கு உட்பட்டு, இணைப்புதாரரின் பொறுப்பில் நீரைப் பகிர அனுமதிக்க இயலுமா?

விதியில் இதற்கு ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. கோப்புகள் எப்படி நகரும் என்பது எனக்குத் தெரியும், நானே நகர்த்தியிருக்கிறேன். இயலாது என்று எழுத வருவாய்த் துறையின் கருத்து வேண்டும். சுகாதாரப் பிரிவின் கருத்தும் சட்டப் பிரிவின் கருத்தும் வேண்டும். மன்றத்தின் தீர்மானம் வேண்டும். ஒவ்வொருவரும் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். இதைத் தந்திரம் என்று எவரேனும் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அதில் உண்மையல்லாத ஒரு சொல்லும் இல்லை; மறைக்கப்பட்ட ஓர் அங்குலமும் இல்லை.

நிர்மலா என் வீட்டுக்கே வந்து அதைப் படித்தார். இரண்டாவது தாளைப் புரட்டும்போது பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"ஐயா, இதைப் பாத்தா நான் வெட்டணும். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா. அதான் பார்க்கச் சொன்னேன்."

கடைசித் தாள்வரை படித்தார். "இதை முடியாதுன்னு எழுதறதுக்கே நாலு ஆபீஸ் ஏறணுமேங்க ஐயா."

"நான்குதான். எண்ணிப் பார்த்தேன்."

"நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"வெட்டியிருப்பேன். பிறகு படித்திருப்பேன்."

அவர் எழுந்து வெளியே போனார். திறந்துகிடந்த குழியருகே நின்றார். பிறகு, அவ்வளவு நல்ல சேலையோடு, ஒரு முழங்காலை ஈர மண்ணில் ஊன்றிக் குனிந்து, கிளைக் குழாயின் அளவை என் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். உள்ளே வந்து, மேல் அலுவலகங்களின் கருத்துக்கு அனுப்பலாம் என்றும், முடிவு வரும்வரை களநிலையை மாற்ற வேண்டாம் என்றும் எழுதிக் கையொப்பமிட்டார்.

"நான் மாற்றலாகிப் போயிட்டா அடுத்து வர்றவர் என்ன பண்ணுவாரோ, எனக்குத் தெரியாது ஐயா."

"இதைப் படிக்காமல் அவர் எதுவும் செய்ய முடியாது" என்றேன். கையில் அதற்கு மேல் உறுதி எதுவும் இல்லை.

ஒப்புகைச் சீட்டு இரண்டு நாட்களில் வந்தது. எண்ணும் நகராட்சி முத்திரையும் கொண்ட அந்தச் சீட்டில் பயனாளிகள் என்ற தலைப்பின்கீழ் ஐந்து பெயர்கள் அச்சாகியிருந்தன. ஒரு படி எடுத்து இறங்கிப் போய்க் கொடுத்தேன். தங்கம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்த முகவரிக்கும் அந்தப் பெயருக்கும் சேர்த்து அரசாங்கம் அச்சிட்ட முதல் தாள் அது என்று அவருடைய மகன் சொன்னார். தங்கம்மா அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீலிக்கு மேலே, சுவரில் ஆணியடித்து மாட்டச் சொன்னார்.

இதை எழுதும் இன்று, செய்யாமல் எஞ்சியிருப்பவை:

1. மீட்டர் குழிக்கு மூடி. அளவு எடுத்தாயிற்று, செய்யக் கொடுக்கவில்லை.

2. இணைப்புப் பட்டியலில் தங்கம்மாவின் மருமகளுடைய தலைப்பெழுத்து தவறாக இருக்கிறது. திருத்த மனு எழுத வேண்டும்.

3. வருவாய் அலுவலகத்தில் பட்டா மனுவின் நிலையைக் கேட்டறிவது. தங்கம்மாவையும் உடன் அழைத்துப் போக வேண்டும். ஊட்டி பஸ்ஸில் அவருக்குத் தலைசுற்றும் என்கிறார்.

4. குடும்ப அட்டையிலிருந்து ஒரு பெயரை நீக்கக் கோரும் படிவம். வாங்கிவைத்திருக்கிறேன். நிரப்பவில்லை.